சித்திரை வெயிலை நம்பாமல் கார்த்திகை மழைக்குக் கணக்கு போடுங்கள்: வடசென்னை வீட்டுக்கு சோலார் வைக்கும் முறை

மாடியில் சோலார் வைத்துவிட்டால் இனிமேல் கரண்ட் கட் என்ற பேச்சே இருக்காது என்று யாராவது சொன்னால், அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "ஈ.பி. லைன் போய்விட்டால் இது ஓடுமா?" நம் தெருக்களில் மானியத்தோடு வைக்கப்படும் சோலாரில் பெரும்பாலானவை ஓடாது. உச்சிவெயில் காய்ந்துகொண்டிருக்கும், மாடியில் 3 கிலோவாட் பேனல் பளபளவென்று கிடக்கும், கீழே ஃபேன் சுற்றாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கடந்து மழை விட்டபோது, பக்கத்துத் தெருவில் மீன் வியாபாரம் செய்யும் தம்பி ஒருவர் என் வீட்டு வாசலில் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டார்: "இன்னாண்ணே, மேல அவ்ளோ பெரிய பிளேட்டு கீது, கீய ஒரு லைட்டு எரியல. ஏமாத்திட்டானுங்களா?" யாரும் ஏமாற்றவில்லை. அந்த வகை சோலார் அப்படித்தான் வேலை செய்யும். வாங்குவதற்கு முன்னால் அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் குறை.

நான் எர்ணாவூர்க்காரன். வேலைக்காலம் முழுக்க அனல்மின் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஷிப்ட் பார்த்து ஓய்வு பெற்றவன். எண்ணூர் அனல்மின் நிலையத்தை 2017-இல் மூடியாயிற்று. ஆனால் அத்திப்பட்டில் வடசென்னை நிலையத்தின் 630-உம் 1,200-உம், அதன்மேல் 2024-இல் தொடங்கிவைத்த 800-உம், வல்லூரில் 1,500 மெகாவாட்டும் நம்மைச் சுற்றியே நிற்கின்றன. ஊருக்கெல்லாம் விளக்கு எரிய, சாம்பல் நம் துணிக்கொடியிலும் கொசஸ்தலை ஆற்றிலும் விழுகிறது. முகத்துவாரத்தில் இறால் தடவிப் பிழைத்தவர்களின் பிள்ளைகள் இன்று லாரி ஷெட்டில் வேலை பார்க்கிறார்கள். காற்றும் வெயிலும் ஜெயித்து இந்தப் புகைபோக்கிகள் ஓய வேண்டும் என்று நான் மனசார விரும்புகிறேன். விரும்புவதால்தான் சொல்கிறேன்: காற்றும் வெயிலும் எந்த நேரத்தில் கைவிடும் என்று தெரிந்துகொண்டு வையுங்கள். பொய்யான நம்பிக்கையில் வைத்த ஒரு வீடு ஏமாந்தால், அந்தத் தெருவில் பத்து வீடு சோலார் பக்கமே திரும்பாது.

முதலில் மாநிலம் முழுமைக்கும் உள்ள சிக்கல்

உங்கள் மாடியில் நடக்கப்போவதுதான் மாநிலத்திலும் நடக்கிறது. அதைப் பார்த்துவிட்டால் வீட்டுக் கணக்கு தானாகப் புரியும்.

மின்நிலையங்களையும் வீடுகளையும் இணைக்கும் கம்பி வலையான கிரிட்டில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவோ அவ்வளவு உற்பத்தி இருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் எங்கள் கண் அதிர்வெண் காட்டும் எண்ணை விட்டு நகராது. 50 ஹெர்ட்ஸ். செலவு கூடினால் 49.9-க்குக் கீழே இறங்கப் பார்க்கும், உற்பத்தி கூடினால் 50.05-க்கு மேலே ஏறப் பார்க்கும். அந்தச் சின்ன இடைவெளிக்குள் நாட்டையே ஓட்ட வேண்டும்.

தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டியது. சோலாரும் 10,000-ஐ எட்டிவிட்டது. 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. இரண்டையும் கூட்டினால் தேவைக்குச் சரியாக வருகிறதே என்று தோன்றும். அப்படிக் கூட்ட முடியாது. காற்றாலை நன்றாக ஓடுவது தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்கள் வழியாகப் பாயும் மாதங்களில், அதாவது மே கடைசி முதல் செப்டம்பர் வரை. காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள சக்தி பாதியாகாது, எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால் காற்று கொஞ்சம் தளர்ந்தாலே ஆயிரக்கணக்கான மெகாவாட் கரைந்துபோகும். காற்று மிஞ்சினாலும் ஆகாது. நொடிக்கு 25 மீட்டர் வாக்கில் காற்றாலை தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். புயல் நேரத்தில் காற்றாலை உதவும் என்று நினைக்கவே வேண்டாம்.

சோலாரின் இறக்கம் தினமும் நடப்பது. மாலை 4 மணிக்கு மேல் சரியத் தொடங்கி ஆறரைக்குள் பூஜ்யமாகிவிடும். சரியாக அதே நேரத்தில்தான் வீட்டுக்கு வந்தவர்கள் விளக்கு, டி.வி., ஏ.சி. என்று ஒவ்வொன்றாகப் போடுகிறார்கள். ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை கட்டுப்பாட்டு அறையில் யாரும் டீ குடிக்க எழுந்து போவதில்லை. அந்த ஏற்றத்தைத் தாங்க நிலக்கரி யூனிட் சூடாகத் தயாராக இருக்க வேண்டும். குளிர்ந்துபோன பாய்லரைப் பற்றவைத்து, டர்பைனின் கனத்த இரும்பு விரிசல் விடாதபடி மெல்ல மெல்லச் சூடேற்றி, முழு லோடுக்குக் கொண்டுவரப் பல மணி நேரம் பிடிக்கும். ஆகவே மதியம் தேவையில்லை என்று அதை நிறுத்த முடியாது. 55 சதவீதம் வரை இறக்கி ஓட்டுகிறார்கள். 40 வரை இறக்கும் முயற்சி படிப்படியாக நடக்கிறது. வெயில் கொட்டிக்கிடக்கும் மதியத்திலும் அத்திப்பட்டுப் புகைபோக்கி ஏன் புகைகிறது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது: அது சாயங்காலத்துக்காகக் காத்திருக்கிறது.

மதிய மிச்சத்தைச் சேர்த்துவைக்க இடம் இருந்தால் அந்தக் காத்திருப்பு குறையும். கோவை மாவட்டத்தில் காடம்பாறையில் மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கிறார்கள். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு அதே மாதிரித் திட்டம். இருபதாயிரம் மெகாவாட் கேட்கும் மாநிலத்துக்கு இது போதாது. பெரிய பேட்டரிகளும் நிறைய வர வேண்டும்.

இப்போது அக்டோபர் கடைசி, நவம்பர், டிசம்பரை நினையுங்கள். கணவாய்க் காற்று ஓய்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை மேகம் சூரியனை மூடியிருக்கும். இரண்டும் ஒன்றாகக் கைவிடும் மாதங்கள் அவைதான். நம் சென்னைக்குப் புயல் வருவதும் அப்போதுதான். உங்கள் வீட்டுக்கான கணக்கை இங்கிருந்து தொடங்குங்கள்.

எந்த வகை என்று முடிவு செய்வது

ஈ.பி. லைனோடு மட்டும் சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட், பேட்டரியோடு தனியே ஓடும் ஆஃப்-கிரிட், இரண்டையும் செய்யும் ஹைப்ரிட் என்று மூன்று இருக்கின்றன. லைன் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் (பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி) தானாக நின்றுவிட வேண்டும் என்பது விதி. அது நியாயமான விதி. மழையில் டிரான்ஸ்ஃபார்மரை ஆஃப் செய்துவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனை உங்கள் மாடி கரண்ட் கொன்றுவிடக் கூடாது.

பில் குறைந்தால் போதும், வருஷத்தில் சில நாள் இருட்டைப் பொறுத்துக்கொள்வோம் என்பவர்கள் ஆன்-கிரிட் போடலாம். 2024-இல் வந்த பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் உண்டு. வெள்ளம் வரும் தெருவில் இருப்பவர்கள், வீட்டில் பெரியவர்களோ கைக்குழந்தையோ இருப்பவர்கள் ஹைப்ரிட் போடுங்கள். எர்ணாவூர், மணலி, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி ஆட்களுக்கு நான் வேறு எதையும் சிபாரிசு செய்வதில்லை.

ஹைப்ரிட் என்று சொல்லிக் கொடுத்தாலும் பணம் முழுவதையும் கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். நல்ல வெயில் நேரத்தில், பொருத்திய ஆள் பக்கத்தில் நிற்கும்போதே, மெயினை இறக்குங்கள். விளக்கு எரிகிறதா, ஃபேன் ஓடுகிறதா, ஃப்ரிட்ஜ் கிளம்புகிறதா என்று பாருங்கள். அடுத்து பேனல் சுவிட்சையும் இறக்கிவிட்டு, பேட்டரியில் மட்டும் அரை மணி ஓடட்டும். அப்புறம் மெயினை ஏற்றுங்கள். மூன்றும் சரியாக நடந்தால்தான் அது ஹைப்ரிட். சில இடங்களில் இன்வெர்ட்டரின் பேக்கப் முனையிலிருந்து வயரே இழுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெட்டி வாழ்நாள் முழுக்க ஆன்-கிரிட்டாகவே இருந்துவிடும்.

பேக்கப்பில் வீடு முழுவதையும் கொடுக்காதீர்கள். அவசரத்துக்கு வேண்டிய விளக்கு, ஃபேன், ஃப்ரிட்ஜ், வைஃபை, ஒரு பிளக் ஆகியவற்றுக்கு மட்டும் தனி எம்.சி.பி. (லோடு மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்) பெட்டி வைத்துப் பிரியுங்கள். மோட்டார், கீசர், அயர்ன் பாக்ஸ், ஏ.சி. எல்லாம் வெளியே. ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாட்தான். கிளம்பும் நொடியில் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் இழுக்கும். சின்ன இன்வெர்ட்டர் அந்த நொடியிலேயே விழுந்துவிடும்.

இரவைக் கணக்கிடுங்கள்

கடையில் "எத்தனை கிலோவாட் வேணும்?" என்று கேட்பார்கள். நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, சாயங்காலம் ஆறிலிருந்து காலை எட்டு வரை எத்தனை யூனிட் வேண்டும் என்பது. ஒரு தாளில் எழுதுங்கள். திருவொற்றியூரில் என் தங்கை வீட்டுக்குப் போட்ட கணக்கைத் தருகிறேன்.

குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் இரண்டு, ஒன்று 30 வாட், பத்து மணி நேரம்: 600 வாட்-மணி. எல்.இ.டி. பல்பு நான்கு, 9 வாட், ஐந்து மணி நேரம்: 180. ஃப்ரிட்ஜ் அந்தப் பதினான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 600. வைஃபை 10 வாட், பதினான்கு மணி நேரம்: 140. டி.வி. 60 வாட், மூன்று மணி நேரம்: 180. மொத்தம் 1,700 வாட்-மணி, அதாவது 1.7 யூனிட். இன்வெர்ட்டரில் வீணாவதைச் சேர்த்தால் 2 யூனிட்.

தங்கை வீட்டில் முதலில் இருந்தது 75 வாட் பழைய ஃபேன்கள். அவற்றோடு கணக்கு போட்டால் ஃபேனுக்கு மட்டும் ஒன்றரை யூனிட் போய், மொத்தம் 2.6 ஆகிவிடுகிறது. "அண்ணா, நல்லா ஓடுற ஃபேனை எதுக்குக் கழட்டணும்?" என்று கேட்டாள். அந்த இரண்டு ஃபேனையும் மாற்றும் செலவு, கூடுதலாக ஒரு யூனிட் தரும் பேட்டரியின் விலையைவிடக் குறைவு என்று காட்டினேன். ஃபேனை மாற்றிவிட்டுத்தான் பேட்டரி வாங்கினோம். நீங்களும் அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

2 யூனிட்டுக்கு எவ்வளவு பேட்டரி? 12 வோல்ட், 150 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரியின் மேல் எழுதியிருப்பதைப் பெருக்கினால் 1.8 யூனிட் வரும். முழுவதையும் எடுத்தால் சீக்கிரம் செத்துப்போகும். பாதிதான் உங்களுடையது. ஆகவே இரண்டு பேட்டரி வைத்தாலும் 1.8 யூனிட்தான் கையில். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 25.6 வோல்ட், 100 ஏ.ஹெச். ஒன்று 2.56 யூனிட். அதில் 80 சதவீதம் எடுத்தாலும் 2 யூனிட் வந்துவிடும். விலை கூடுதல்தான். ஆனால் டியூபுலர் நான்கைந்து வருஷம் உழைத்தால் இது பத்து வருஷத்தை எட்டும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை கிடையாது, ஆசிட் வாடை கிடையாது. நெருக்கமான வீடுகளில் படுக்கும் அறையிலேயே பேட்டரி வைக்க வேண்டியிருக்கும். டியூபுலர் சார்ஜ் ஆகும்போது தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் அங்கே அதை வைக்கவே கூடாது.

பேட்டரியை வைக்கும் இடம் நம் பகுதியில் உயிர்ப்பிரச்சினை. 2015-லும் 2023-லும் உங்கள் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும், கேளுங்கள். அதற்கு மேலே இரண்டடி உயரத்தில், முடிந்தால் மாடிப்படி வளைவிலோ முதல் மாடியிலோ இன்வெர்ட்டரும் பேட்டரியும் இருக்க வேண்டும். மிக்ஜாமில் எங்கள் பக்கம் வந்த தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. அதில் ஊறிய பெட்டியைக் காயவைத்துத் திரும்ப ஓட்ட முடியவில்லை.

புயல் நாளுக்குத் தனிப் பட்டியல்

மூன்று நாள் வெயிலே இல்லை, ஈ.பி. லைனும் இல்லை. அப்போது அதே 2 யூனிட்டை வைத்து எப்படி ஓட்டுவது? நல்ல நாளில் 1 கிலோவாட் பேனல் ஏறக்குறைய 4 யூனிட் தரும். அடைமழை நாளில் முக்கால் யூனிட் வந்தால் அதிர்ஷ்டம். அதை வரவில் எழுதாதீர்கள், வந்தால் வரட்டும்.

ஒரு ஃபேன் எட்டு மணி நேரம் 240, இரண்டு விளக்கு ஐந்து மணி நேரம் 90, நான்கு செல்போன் சார்ஜ் 60. ஆக ஒரு நாளைக்கு 390 வாட்-மணி. மூன்று நாளைக்கு 1.2 யூனிட் கூட இல்லை. மிச்சமிருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே தனக்கென்று 25 வாட் போலச் சாப்பிடும். இருபத்துநான்கு மணி நேரமும் ஆனில் விட்டால் அது மட்டும் நாளைக்கு 600 வாட்-மணி, உங்கள் ஃபேன், விளக்கு, போன் எல்லாவற்றையும்விட அதிகம். இரவு பத்து மணி நேரம் மட்டும் ஆனில் வைத்துப் பகலில் அணைத்துவிடுங்கள். அப்போது 250. மூன்று நாளைக்கு இரண்டையும் கூட்டினால் 1.92 யூனிட். சரியாகப் பொருந்துகிறது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் முதல் நாள் இரவோடு பேட்டரி தீர்ந்துபோன வீடுகள் நிறைய.

ஃப்ரிட்ஜை அந்த மூன்று நாளும் நிறுத்திவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்த அன்றே மீனையும் இறைச்சியையும் சமைத்துவிட்டு, பாலைக் காய்ச்சிவிட்டு, மேல் டேங்க்கை நிரப்பி, பேட்டரியை ஈ.பி. கரண்டிலேயே முழுசாக ஏற்றிவிடுங்கள்.

மருத்துவக் கருவி இருக்கும் வீடுகளுக்குக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். நெபுலைசர் பத்து நிமிஷம்தான் ஓடும், 25 வாட்-மணிக்குள் முடிந்துவிடும், கவலையில்லை. ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் அப்படியில்லை. 5 லிட்டர் கருவி 300 வாட்டுக்கு மேல் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 7, 8 யூனிட். வீட்டு சோலாரை நம்பி அதை ஓட்டாதீர்கள். நிரப்பிய சிலிண்டர் கையில் இருக்க வேண்டும், அல்லது புயலுக்கு முந்தின நாளே நோயாளியை மேடான இடத்திலுள்ள உறவுக்காரர் வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூட்டிப்போய்விட வேண்டும்.

பேனலும் நிழலும் உப்பும்

பேனல் எவ்வளவு? தினசரி 2 யூனிட்டைத் திருப்பி நிரப்ப, கணக்குப்படி அரை கிலோவாட் போதும். கார்த்திகையை நினைத்து 2 கிலோவாட் வையுங்கள். மங்கலான நாளில்கூட பேட்டரிக்கு ஏதோ சேரும், மற்ற நாளில் மிச்சம் ஈ.பி.க்குப் போய் பில்லில் கழியும். கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிழலைச் சித்திரையில் பார்த்து முடிவு செய்தால் தப்பாகிவிடும். அப்போது நண்பகலில் சூரியன் தலைக்கு மேல் நிற்கும், நிழலே விழாத மாதிரி இருக்கும். டிசம்பரில் நண்பகல் சூரியனே தெற்கே சாய்ந்து, 53 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். தெற்குப் பக்கம் பத்தடிச் சுவர் இருந்தால் ஏழடிக்கு மேல் நிழல் விழும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிய தெருக்களில் பக்கத்து மாடி, சின்டெக்ஸ் டேங்க், செல்போன் டவர் எல்லாம் கணக்கில் வரும். வரிசையில் ஒரு பேனலின் ஓரத்தில் நிழல் பட்டாலும் அந்த வரிசை முழுவதன் உற்பத்தியும் தளரும். டிசம்பரில் காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மூன்று மணிக்கு மாடியில் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அதைப் பார்த்து இடம் குறியுங்கள். தெற்கு நோக்கி 13 டிகிரி சாய்வு நமக்குப் பொருத்தம்.

நம் பகுதியில் பேனல் சீக்கிரம் அழுக்காகும். கடல் உப்பு, எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, சாம்பல், காக்கை எச்சம். வாரம் ஒருமுறை கழுவுங்கள், விடியற்காலையில். சுடும் கண்ணாடியில் மதியம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடலாம். போர் தண்ணீர் வேண்டாம். நம் நிலத்தடி நீர் உப்பு, காய்ந்ததும் வெள்ளைத் திட்டாகப் படிந்து வெயிலை மறைக்கும். மெட்ரோ தண்ணீர் ஒரு பக்கெட்டும் மென்மையான துணி மாப்பும் போதும். சோப்புத் தூளும் கம்பிப் பிரஷ்ஷும் தொடக்கூடாது. வெப்பமும் உற்பத்தியைக் குறைக்கும். 25 டிகிரிக்கு மேல் பேனல் ஒவ்வொரு டிகிரி சூடாகும்போதும் 0.3, 0.4 சதவீதம் போகும். மாடித் தளத்திலிருந்து ஓரடியாவது தூக்கிவைத்தால் அடியில் கடல்காற்று நுழைந்து குளிர வைக்கும்.

தூக்கி வைத்தால் புயலில் அதே காற்று அடியிலிருந்து நெம்பும். சென்னைக்கு இந்தியத் தரநிர்ணயம் சொல்லும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், மணிக்கு 180 கிலோமீட்டர். உங்கள் ஸ்டாண்டு அதற்குக் கணக்கிட்டதா என்று எழுதிக் கேளுங்கள். இரும்பு சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்க வேண்டும். வெறும் பெயின்ட் அடித்தது கடலோரத்தில் சில வருஷத்தில் உரிந்து துருவேறும். நட்டு போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டாண்டின் காலைத் தளத்தில் துளை போட்டு இறக்கினால் மழையில் ஒழுகும் என்று பயந்து வெறும் சிமென்ட் கட்டையில் நிறுத்திவைப்பவர்கள் இருக்கிறார்கள். தளத்தோடு கெமிக்கல் ஆங்கரில் (துளையில் பசை ஊற்றிப் பதிக்கும் போல்ட்) பிணைத்து, சுற்றிலும் நீர்க்காப்பு பூசுவதுதான் சரி. வர்தா புயலை 2016-இல் பார்த்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

மாடியில் சின்னக் காத்தாடி வைக்கலாமா என்று கடலோரத்துக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். காசிமேட்டில் கடல்காற்று அடிக்கிறதே என்று நினைப்பது இயல்புதான். வேண்டாம் என்பேன். நம் கடல்காற்று வெயிற்காலத்தில் நண்பகலை ஒட்டி எழுந்து மாலையில் தணிவது. சோலார் கொடுக்கும் நேரத்திலேயே அதுவும் கொடுக்கும், உங்களுக்குத் தேவைப்படும் பின்னிரவில் அடங்கிவிடும். வீடுகளுக்கு நடுவே சுழன்று உடைந்து வரும் காற்றில் வேகம் குறைவு. வேகம் பாதியானால் எட்டில் ஒன்று என்று மேலே சொன்னேனே, அந்தக் கணக்கு இங்கே மிகக் கொடுமையாக வேலை செய்யும். அந்தப் பணத்தில் இன்னொரு பேனல் வாங்குங்கள்.

அன்றாடப் பழக்கம்

மோட்டார், வாஷிங் மெஷின், மாவரைக்கும் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் எல்லாவற்றையும் பதினொன்றிலிருந்து இரண்டரை மணிக்குள் தள்ளுங்கள். ஈ.பி.க்குக் கொடுத்ததையும் எடுத்ததையும் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் இருப்பவர்கள், "எப்ப ஓட்டினாலும் பில் ஒண்ணுதானே" என்பார்கள். பில் ஒன்றுதான். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு நீங்கள் இழுக்கும் யூனிட் பெரும்பாலும் நிலக்கரியில் வருகிறது, மதியம் இழுப்பது உங்கள் மாடியிலிருந்தே வருகிறது. சோலார் இல்லாத வீடுகளும் இதைச் செய்யலாம். ஒரு தெருவே மதியத்துக்கு மாறினால் சாயங்கால ஏற்றம் அந்த அளவுக்குக் குறையும். அந்த ஏற்றத்துக்காகச் சூடாக வைத்திருக்கும் யூனிட்டின் புகையைச் சுவாசிப்பவர்கள் நாமே என்பதால், இந்தப் பழக்கத்தை மற்ற ஊர்க்காரர்களைவிட நாம் முதலில் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல வீடு ஆன்-கிரிட் போட்டிருந்தால் மதியம் வோல்டேஜ் ஏறி, இன்வெர்ட்டர் தானாக விழுந்து விழுந்து எழும். பேனலைக் குறை சொல்லாமல், இன்வெர்ட்டரின் செயலியில் "ஓவர் வோல்டேஜ்" என்ற பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைப் படம் எடுத்து, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-இல் புகார் பதிவு செய்யுங்கள். டிரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜை ஏற்றி இறக்கும் டேப்பை அவர்கள் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

வாடகை வீட்டிலும் வாரியக் குடியிருப்பிலும் மாடி உங்களுடையதாக இருக்காது. பி.எல்.டி.சி. ஃபேன் ஒன்று, சின்ன இன்வெர்ட்டர், ஒரு லித்தியம் பேட்டரி, இவற்றை ஈ.பி.யில் ஏற்றிவைத்து மேலே சொன்ன புயல் பட்டியலைப் பின்பற்றுங்கள். வீடு மாறும்போது கூடவே எடுத்துப் போகலாம்.

மழைக்கு முன்னும் பின்னும்

புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் மாடியேறி எல்லா போல்ட்டையும் ஸ்பானர் வைத்து இறுக்குங்கள். பேனல் வயர் தரையில் கிடந்தால் கட்டித் தூக்குங்கள், தேங்கிய தண்ணீரில் கனெக்டர் ஊறக் கூடாது. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி, எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தை அளந்துகொள்ளுங்கள். இடிதாங்கியும் மின்னெழுச்சித் தடுப்பானும் (திடீரென்று பாயும் மிகை வோல்டேஜைத் தடுக்கும் கருவி) உயிரோடு இருக்கின்றனவா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள். தடுப்பானில் பச்சை சிவப்பாகியிருந்தால் மாற்ற வேண்டும்.

வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டால் முதலில் ஈ.பி. மெயினையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள், அடுத்து பேட்டரி சுவிட்ச், அப்புறம் பேனல் பக்கத்து டி.சி. சுவிட்ச். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பகல் வெளிச்சம் இருக்கும்வரை பேனலிலிருந்து வரும் வயரில் மின்சாரம் இருக்கும். பல பேனலை வரிசையாகக் கோத்திருந்தால் அது சில நூறு வோல்ட் டி.சி. தண்ணீரில் நின்றுகொண்டு அந்த வயரையோ கனெக்டரையோ தொடாதீர்கள், பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள். தெருவோர மின்பெட்டியான பில்லர் பாக்ஸ் பக்கமும் போக வேண்டாம். ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ இரண்டு பக்கமும் பின் வைத்த வயரால் சுவர் பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் ஏற்றும் வேலையைச் செய்யவே செய்யாதீர்கள். அது மெயின் வழியாகத் தெருவுக்குப் போய், லைன் சரிசெய்ய வந்தவரைக் கொல்லும்.

தண்ணீர் வடிந்ததும் உடனே ஆன் செய்யத் தோன்றும். இரண்டு நாள் பொறுங்கள். சுவர் காயட்டும். எலக்ட்ரீஷியன் மெக்கர் (வயரில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) வைத்து வயரிங்கைச் சோதித்தபின் முதலில் பேட்டரி சுவிட்ச், பிறகு பேனல் சுவிட்ச், பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் ஈ.பி. மெயின் என்று ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். பேக்கப் பெட்டியில் எம்.சி.பி.களையும் ஒரே மூச்சில் போடாமல் முதலில் விளக்கு, அடுத்து ஃபேன், ஃப்ரிட்ஜ் கடைசி. நடுவில் எது விழுந்தாலும் அந்த எம்.சி.பி.யை மட்டும் விட்டுவிட்டு மற்றதை ஓட்டிக்கொள்ளலாம்.